சமையலறைத் தீர்ப்பு

எட்டு மாதமாக, இசைத்தட்டுப் போட்டுக் கேட்கும் ஒரு டர்ன்டேபிளுக்காகக் காத்திருந்தேன். அதில் கடைசி மூன்று மாதம், அதை வரவழைத்துத் தரும் என் மச்சினன் மீதும், வாங்கச் சொன்ன என் மனைவி மீதும் சந்தேகப்பட்டுக்கொண்டே காத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் முப்பத்தொரு வருஷமாக எனக்குச் சம்பளம்.

நான் எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசுகள் சரியாக இருக்கின்றனவா, பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான் விழுகிறதா என்று பார்ப்பது வேலை. நான் உள்ளே நுழைந்ததும் பல்லைக் காட்டும் கடைக்காரரின் தராசை முதலில் சோதிப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவரின் தராசை அதற்கடுத்துச் சோதிப்பேன். இந்தப் புத்தி அலுவலகத்தோடு நின்றுவிடும் என்று கல்யாணமான புதிதில் என் மனைவி நம்பினாள், பாவம்.

எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் இசைத்தட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் நான்கு பேர் கூடுவோம். ஒருவர் பல் டாக்டர். வாரமெல்லாம் டிரில் சத்தம் கேட்டது போக மிச்சமிருக்கும் காதை எங்களிடம் கொண்டு வருவார். இன்னொருவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவரைத் தபால் என்றே கூப்பிடுவோம். எங்களில் மட்டமான கருவியும் அவரிடம்தான், உயர்ந்த தட்டுகளும் அவரிடம்தான். மூன்றாவது ஆள் என் மனைவியின் தம்பி. டர்ன்டேபிள், சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறான். நல்ல வியாபாரி. அவன் எதையும் வாங்கச் சொல்ல மாட்டான். "உங்களுக்கு இது வேண்டாம் மாமா" என்பான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விடும்.

இந்த முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷமாக நான் வைத்திருக்கும் டர்ன்டேபிளையே மேம்படுத்திப் புதிதாக வெளியிடப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்திருந்தது. மச்சினன் விளம்பரத் தாளை என் மடியில் போட்டுவிட்டு, உங்களுக்கு இருப்பதே தாராளம் என்று சொல்லிவிட்டுப் போனான். பார்வைக்கு அதே மரப்பெட்டிதான். ஆனால் இசைத்தட்டைச் சுமந்து சுழலும் தட்டு இரு மடங்கு கனம். தட்டைத் தாங்கும் அச்சு புதுசு. அதிர்வு ஒட்டாமல் இருக்க மோட்டார் தனியாக ஒரு சாண் தூரம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். ஊசியைப் பிடித்திருக்கும் கையை ஒரே துண்டு உலோகத்தில் கடைந்திருக்கிறார்கள். வருஷத்துக்குக் கொஞ்சம்தான் செய்வார்கள், வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பெயர் கொடுத்தது நான் என்றாலும் நால்வருமே சேர்ந்து காத்திருந்தோம். பல் டாக்டர் அதன் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் கிளினிக் சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்த ஒரு நோயாளி, இதையா என் வாய்க்குள் விடப்போகிறீர்கள் என்று எழுந்து போய்விட்டாராம். கப்பல் எங்கே வருகிறது, பார்சல் எந்தக் கிடங்கில் தூங்குகிறது என்று தபால் எனக்குத் தினமும் செய்தி அனுப்பினார். நான் என் பங்குக்கு ஐம்பது கிலோ கருங்கல் பலகை ஒன்றை வாங்கி, சுவரோரம் கால்கள் கட்டி அதில் படுக்கவைத்து, ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் சரிபார்த்தேன். ஐம்பது கிலோ என்று விற்றவன் சொன்னதை நம்பாமல் எடையும் போட்டேன். நாற்பத்தெட்டரைதான் இருந்தது.

இனி என் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றினாலும், ஊசியோ ஒயரோ பெல்ட்டோ, கடைசித் தீர்ப்பு சமையலறையிலிருந்துதான் வர வேண்டும். பழையதில் ஒரு பாட்டு, புதியதில் அதே பாட்டு. எது முதலில், எது அடுத்தது என்று அவளுக்குச் சொல்ல மாட்டோம். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டும் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, முதலாவதா இரண்டாவதா என்று சொல்லிவிட்டுப் போவாள். நாங்கள் நால்வரும் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடி ஆராய்ந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் செல்லாது.

அது ஆரம்பித்தது பதினான்கு வருஷம் முன்பு. ஒருநாள் ஸ்பீக்கர் ஒயரை மாற்றிவிட்டு, புது ஒயர் பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "என்ன பண்ணினீங்க? அந்தம்மா ஏன் இன்னிக்கு மூக்கால பாடுறாங்க?" என்றாள். போய்ப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கரில் கூட்டல் கழித்தல் முனைகளை இடம் மாற்றிச் சொருகியிருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்தொன்பது வருஷம் காதில் ஹெட்போனோடு வேலை பார்த்தவள் அவள். மூச்சு விடுவதை வைத்தே லைனில் யார் என்று சொல்வாள். அன்றிலிருந்து அவள் தீர்ப்பைத் தட்டிக் கேட்டதில்லை. உலகத்தில் நான் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட தராசு அது ஒன்றுதான்.

அந்தத் தராசில்தான் எனக்கு இப்போது சந்தேகம் வந்தது.

முதல் காரணம், அவள் ஒத்துக்கொண்ட வேகம். போன தடவை ஒரு சாதாரண ஒயருக்கே ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், இந்த டர்ன்டேபிள் விலையைக் கேட்டதும் வாங்கிக்குங்க என்றாள். அவ்வளவுதான். நான் நான்கு நாட்களாகத் தயார் செய்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வாயிலேயே ஊறிப்போயின. சண்டை போட்டே வாங்கிப் பழகியவனுக்குச் சும்மா கொடுத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். இதற்கு மேல் மாற்ற எதுவும் இருக்காதுதானே என்று மட்டும் தம்பியிடம் இரண்டு முறை கேட்டாள். அவனும் இதுதான் கடைசி அக்கா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். கடைசி என்று சொல்லித்தான் உலகத்தில் எல்லாப் பொருளையும் விற்கிறார்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீர் டம்ளர். தீர்ப்பு வரும் நேரமாகப் பார்த்து என் மச்சினனுக்குத் தாகம் எடுத்தது. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வருவான். ஒரு ஞாயிறு டம்ளர் அவனுடைய இடது கையில் இருந்தது. அவள் வந்து முதலாவது என்றாள். இன்னொரு ஞாயிறு வலது கையில் இருந்தது, இரண்டாவது என்றாள். நான் என் சோதனை நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஐந்து முறை குறித்தேன், ஐந்தும் பொருந்தியது. ஆறாவது முறை அவன் ஊரில் இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. தீர்ப்பே சொல்லவில்லை.

மூன்றாவது, அவள் அமைதியாகிவிட்டாள். சத்தத்தைக் குறைங்க, மேல் வீட்டில் ஆள் இருக்காங்க என்று வாரம் தவறாமல் கத்துபவள், இப்போதெல்லாம் நான் எவ்வளவு வைத்தாலும் வாயைத் திறப்பதில்லை. நான் ஏதாவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தப்பு செய்கிறவர்கள்தான் இப்படிப் பணிவாக இருப்பார்கள், எனக்குக் கடை கடையாக அனுபவம் உண்டு. போனில் பேசுவதையும் விட்டுவிட்டாள். எல்லாம் விரலால் தட்டி அனுப்பும் செய்திதான். நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான்காவதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு புதன்கிழமை மதியம், மச்சினன் கடை இருக்கும் தெருவில் ஒரு இரும்புக் கடைத் தராசைச் சோதித்துவிட்டு வெளியே வந்தேன். எதிரே, அவன் கடை இருக்கும் கட்டிட வாசலிலிருந்து என் மனைவி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். தங்கையை அவள் வீட்டில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவள். அந்தக் கட்டிடத்தில் கீழே கடை, மேலே மூன்று மாடி. மாடிப்படி ஓரத்தில் நாலைந்து போர்டுகள் தொங்கும். அவற்றை நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டுக் கடைக்குள் போனேன். ஏதோ தற்செயலாக வந்த மாதிரி, அக்கா இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டேன்.

"அக்காவா? இந்தப் பக்கமே வரலையே மாமா" என்றான் மச்சினன். சொல்லும்போது பெட்டியில் இருந்த ஒரு திருகாணியை ரொம்ப அக்கறையாகத் தேடினான்.

அன்று மாலையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போகிற ஆய்வாளர் எங்கள் துறையில் இல்லை. சொன்னால் உஷாராகிவிடுவார்கள். அதனால் வீட்டிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன், துணி மடிப்பதைப் பார்த்தேன், போனைக் கவிழ்ப்பதைப் பார்த்தேன்.

பணம் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நிஜமாகவே அது பெரிதாகத் தெரியவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து என் தலையில் எதைக் கட்டினாலும் கட்டிவிட்டுப் போகட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பதினான்கு வருஷமாக நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய அந்த ஒரு வார்த்தையை அவள் தம்பிக்காகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாளா? ஆமாம் என்றால், கருவியைத் திருப்பி அனுப்பிவிடுவேன், மச்சினன் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அவளோடு நான் பேச இனி எதுவும் இல்லை. இப்படித்தான் முடிவு செய்தேன். அதை நினைத்தபோது ஒருநாள் குளியலறையில் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. மச்சினன் இரண்டு ஆட்களோடு வந்து தூக்கி வைத்தான். கருங்கல் பலகையில் பழையதைக் கொஞ்சம் நகர்த்திப் பக்கத்திலேயே புதியதை வைத்து, அச்சில் எண்ணெய் விட்டு, ஊசியின் பாரத்தைக் கிராமில் அளந்து வைத்தான். நானும் என் தராசில் ஒருமுறை அளந்தேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஞாயிறுவரை யாரும் தொடக் கூடாது, முதல் பாட்டை எல்லோரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. தட்டில் கை படாமல் மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எட்டு மாதம் ஏங்கிய பொருள் எதிரே இருந்தது. ஆனால் என் மனசெல்லாம் சமையலறைக் கதவின் மேலேயே இருந்தது.

எங்கள் துறையில் ஒரு தராசைச் சோதிக்கும்போது முதலில் எடைக்கல்லைத் தொடவே மாட்டோம். தட்டை வெறுமையாக வைத்துப் பார்ப்போம். ஒன்றுமே வைக்காதபோது அது ஏதாவது எடை காட்டினால் போதும், மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் முத்திரையைப் பிடுங்கிவிட்டு வந்துவிடலாம். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, என் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அந்தச் சோதனையைத்தான் வைப்பது என்று தீர்மானித்தேன்.

ஞாயிறு நான்கு மணிக்கு முன்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். பல் டாக்டர் புதுச் சட்டை போட்டிருந்தார். தபால் தன்னிடம் உள்ள தட்டுகளிலேயே உயர்ந்ததை, ஒரு பெண் குரல் தட்டு அது, மூன்று உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மச்சினனை நான் சோபாவின் நடுவில், இவர்கள் இருவருக்கும் இடையில் உட்கார வைத்தேன். இன்றைக்கு நீதான் விருந்தாளி, நடுவில் உட்காரு என்றேன். அங்கிருந்து சமையலறை வாசல் தெரியாது. டீப்பாயில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும் டம்ளரும் வைத்திருந்தேன். அவனுக்குத் தாகம் எடுத்தால் எழுந்து போக வேண்டியதில்லை பாருங்கள்.

பழைய டர்ன்டேபிளில் பாட்டு முடிந்தது. பன்னிரண்டு வருஷமாக எனக்குப் போதுமாக இருந்த சத்தம், அன்றும் நன்றாகவே இருந்தது. தட்டை எடுத்துப் புதியதில் வைத்தேன். மோட்டாரைப் போட்டேன். கனத்த தட்டு நிதானமாக வேகம் பிடித்தது. திரும்பி மூவரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். பிறகு ஆம்பின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு ஊசியை இறக்கினேன்.

முதல் அரை நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பல் டாக்டர் கண்ணை மூடித் தலையை மெதுவாக ஆட்டினார். மோட்டார் சத்தம் துளிக்கூட இல்லை, பாட்டு வருவதற்கு முன்னால் என்ன ஒரு அமைதி என்று தபாலின் காதில் முணுமுணுத்தார். பாட்டு வரவே இல்லை என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தபால் ஆம்பைப் பார்த்தார். மச்சினன் சட்டென்று எழப் போனான். நான் அவன் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இப்போது அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் தட்டின் பள்ளத்தில் உரசும் ஊசியிலிருந்து கொசு அளவுக்கு ஒரு சத்தம் வரும். கிட்டே நின்றால் அதிலேயே பாட்டு கேட்கும். அந்தப் பெண் குரல் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தது. ஹாலின் மறுகோடிக்குக் கூட அது எட்டாது. கதவுக்குப் பின்னால் எட்டுவதற்கு வழியே இல்லை. நான்கு நிமிஷமும் நாங்கள் அசையாமல் இருந்தோம். நான் நின்ற இடத்திலிருந்து சமையலறைக் கதவிடுக்கு தெரிந்தது. இரண்டு முறை அந்த இடுக்கில் அவள் முகம் வந்து, புதியதில் தட்டு சுழல்வதைப் பார்த்துவிட்டுப் போனது. தம்பியைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. தேடட்டும் என்று விட்டேன்.

பாட்டு முடிந்து நான் ஊசியைத் தூக்கினேன். கதவு திறந்தது. அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ரெண்டாவதுதான்" என்றாள். "இதுல அவங்க நம்ம ஹாலுக்குள்ளயே வந்து நின்னு பாடுற மாதிரி இருக்கு."

அவள் பல் டாக்டரைப் பார்த்தாள், தபாலைப் பார்த்தாள். யாரும் வழக்கம்போலத் தொடையைத் தட்டிக்கொள்ளவில்லை என்றதும் அவள் சிரிப்பு மெல்லக் கரைந்தது. கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் ஆம்பின் பக்கத்தில் போய், அடியோடு குறைத்து வைத்திருந்த அந்தக் குமிழை விரலால் தொட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டை நான் போடவே இல்லை என்றேன். அதன் பிறகு மூன்று மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். இடது கை டம்ளர், வலது கை டம்ளர், புதன்கிழமை, கவிழ்த்து வைத்த போன், எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துப் படிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. அவர்கள் இருப்பதும் நல்லதுதான், சாட்சி வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

"அக்காவும் தம்பியுமா சேர்ந்து இத்தனை நாளா என்னை நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க" என்று முடித்தேன்.

மச்சினன் எழுந்து நின்றான். "மாமா, போதும்" என்றான். "அக்காவுக்கு..."

அவள் அவன் பக்கம் கையை நீட்டி நிறுத்தினாள். துண்டை நாற்காலி முதுகில் மடித்துப் போட்டாள். அவசரமே இல்லாமல் செய்தாள்.

"எனக்குக் காது கேட்கலை" என்றாள். "ஒன்றரை வருஷம் ஆச்சு. இடது பக்கம் சுத்தமா இல்லை. வலது பக்கம், எதிர்ல நின்னு பேசினா கொஞ்சம் வரும். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறேன். புதன்கிழமை இவன் கடைக்கு மேல் மாடிக்குத்தான் போறேன், காது டாக்டர்கிட்ட."

பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒயர் முனை மாறினால் எனக்குத் தெரியும், பெல்ட் ஒரு மயிரிழை தளர்ந்தால் தெரியும் என்று பதினான்கு வருஷமாக இந்த ஹாலில் பீற்றிக்கொண்டவன் நான். ஒரே வீட்டில் ஒரு மனுஷிக்குக் காது கேட்கவில்லை, ஒன்றரை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அதையும் ஒரு குற்றம் மாதிரிதான் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"நான் சொன்ன எதைத்தான் நீங்க அப்படியே எடுத்துக்கிட்டீங்க?" என்றாள். "ஜுரம்னு சொன்னா தெர்மாமீட்டர் கொண்டு வருவீங்க. கதவைப் பூட்டிட்டேன்னு சொன்னா, போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் படுப்பீங்க. இருபத்தாறு வருஷத்துல நீங்க சோதிச்சுப் பார்க்காம நம்பினது ஞாயித்துக்கிழமை நான் வந்து சொல்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். நாலு பேர் எதிர்ல, அவ சொன்னா சரிதான்னு சொல்லுவீங்க. அதை விடறதுக்கு எனக்கு மனசு வரலை."

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைக் கவனிக்கவில்லை.

"இந்த மெஷின் வந்துட்டா அப்புறம் மாத்த எதுவும் இருக்காதுன்னு இவன் சொன்னான்" என்றாள். "இன்னும் ஒரே ஒரு தடவை பொய் சொன்னா போதும்னு நினைச்சேன்."

புது டர்ன்டேபிள் சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ அதை நிறுத்தியிருக்க வேண்டும், யாருக்கும் கை வரவில்லை. தபால் தன் தட்டின் வெற்று உறையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மச்சினன் என்னை முறைத்துக்கொண்டு நின்றான், முறைக்க அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை ஓட்டில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, என்னை மன்னிச்சுடு என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் அதிகம் சொன்னதில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். பல் டாக்டருக்குக் கேட்டது, தபாலுக்குக் கேட்டது, மச்சினனுக்கும் கேட்டது. அவர்கள் மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் இரண்டு அடி எடுத்து வைத்து என் எதிரே வந்து நின்றாள்.

"தலையைத் தூக்கிச் சொல்லுங்க" என்றாள். "உதடு தெரியலை."

தலையைத் தூக்கினேன். அவள் என் வாயையே பார்த்தபடி நின்றாள். அதே வார்த்தையை இன்னொரு முறை, மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.